புதைகுழாயின் ஆழம்

நுழையும்முன்

தெருவில் நடப்பவர் தெருவுக்கு அடியில் ஓடும் இன்னொரு தெருவைக் காண்பதில்லை. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் கழிவறை நீரும் அங்கே ஓயாமல் பயணம் செய்கின்றன. அப்பயணத்திற்குரிய குழாயை எவ்வளவு ஆழத்தில் புதைக்க வேண்டும்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு லாரியின் சக்கரம் ஒரு விடை சொல்கிறது. நீரின் ஓட்டம் வேறொரு விடை சொல்கிறது. அகழியில் இறங்கும் மனிதரின் உயிர் மூன்றாவது விடையைக் கேட்கிறது. திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து இம்மூன்றையும் ஆராய்கிறது இப்பாடம்.

ஏரிகளின் நாட்டில் எழுந்த ஆலைகள்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைக் கடந்தால் இருங்காட்டுக்கோட்டை வரும். அதற்கப்பால் இராமானுசர் பிறந்த ஊராகிய திருப்பெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் திரும்பினால் வல்லமும் ஒரகடமும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்புவரை இப்பகுதி ஏரிப் பாசனத்தை நம்பிய நெல்வயல்களின் நாடாக இருந்தது. ஓர் ஏரி நிறைந்து கலிங்கு வழிந்தால் அடுத்த ஏரிக்கு நீர் போகும். அவ்வாறு வழிந்து வரும் நீரில் ஒரு பகுதி இறுதியில் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேரும்.

1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் பின்னாளில் இங்கே தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் இந்திய நிறுவனம் 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துகளை உருவாக்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை திறக்கப்பட்டது. பின்னர்ச் சரக்குந்து, விசையுந்து, மின்னணுக் கருவி எனப் பல ஆலைகள் வந்தன. ஆலைகள் வந்தபோது ஆட்களும் வந்தார்கள். வயல்களுக்கு நடுவில் இருந்த சிற்றூர்களில் மாடிமேல் மாடி எழுப்பி அறைகள் வாடகைக்கு விடப்பட்டன. ஒரு குடும்பத்திற்காகத் தோண்டிய கழிவுத்தொட்டி முப்பது பேருக்குப் போதுமா என்று எவரும் கேட்கவில்லை. தொட்டி நிறைந்து தெருவில் வழிந்தபோதுதான் அக்கேள்வி எழுந்தது.

மக்கள்தொகை ஓரிடத்தில் திரளும்போது கழிவுநீரின் அளவு எத்தகையது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. புதைசாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது மைய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் கையேடு கூறும் அளவு. அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் எனக் கொள்வது வழக்கம். இவ்வளவுகளை 18,720 பேருக்குப் பொருத்திப் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். சராசரியாக வினாடிக்கு 23 லிட்டர். ஆனால் பணிமுறை மாறும் வேளையில் எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். ஆதலால் இந்த அளவு மக்கள்தொகைக்குச் சராசரியைப் போல மூன்று மடங்கு ஓட்டத்தைத் தாங்குமாறு குழாய் அமைக்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. அஃதாவது வினாடிக்கு 70 லிட்டர். இஃது ஒரு வளாகத்திற்கு மட்டும் உரிய கணக்கு.

பழைய சொற்கள்

கழிவுநீரைப் புதைத்துக் கொண்டுசெல்லும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. வீட்டின் கழிவுநீர் விழும் இடத்தைக் குறிக்கும் 'அங்கணம்' என்னும் சொல் திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. நிலத்தின் கீழே மறைவாக அமைந்த வழியைச் 'சுருங்கை' என்றனர். மதுரை மாநகரின் சுருங்கையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடும்போது, யானைக்கூட்டம் செல்லத்தக்க அளவினது என்று அதன் பெருமையைச் சொல்கிறது. ஏரி மடையின் அடியில் நீரை வெளியேற்றும் அமைப்புக்குத் 'தூம்பு' என்பது பெயர். கீழடி அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. குழாயைச் செய்தவர் அதை எந்த ஆழத்தில் பதிப்பது என்பதையும் எண்ணியிருப்பார். அவருக்கு ஒரு கவலை மட்டும் இல்லை: அவருடைய தெருவில் நாற்பது டன் சரக்குந்து ஓடவில்லை.

சக்கரம் சொல்லும் விடை

ஒரகடத்தின் சாலைகளில் இரவும் பகலும் கொள்கலன் ஊர்திகள் செல்கின்றன. 2018ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சு 11.5 டன் வரை சுமக்கலாம்; அதற்கு முன் 10.2 டன்னே எல்லையாக இருந்தது. அச்சின் ஒரு பக்கத்து இரட்டைச் சக்கரம் அதில் பாதியை, அஃதாவது 5.75 டன்னைச் சாலைமீது அழுத்துகிறது.

இச்சுமை மண்ணுக்குள் இறங்க இறங்க விரிந்து பரவுகிறது. விரியும்போது அதன் கடுமை குறைகிறது. 1885ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் பூசினெஸ்க் இதற்குக் கணக்கு வகுத்தார். சக்கரத்தின் நேர் கீழே ஒரு சதுர மீட்டருக்கு வரும் அழுத்தத்தை அறிய, சுமையை 0.478 ஆல் பெருக்கி ஆழத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஆழம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அரை மீட்டர் ஆழத்தில் 11 டன். ஒரு மீட்டரில் 2.75 டன், ஒன்றரை மீட்டரில் 1.22 டன், மூன்று மீட்டரில் 0.3 டன்.

அப்படியானால் ஆழம் கூடக் கூடக் குழாய்க்கு நல்லது என்று முடிவு செய்துவிடலாமா? குழாயின் மேல் சக்கரம் மட்டும் இல்லை, மண்ணும் இருக்கிறது. ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ 1.8 டன் எடையுள்ளது. இப்பகுதியில் உருவாகும் சிறிய மகிழுந்துகள் இரண்டின் எடைக்கு அது நிகர். சக்கரம் வந்து போய்விடும். மண்ணின் சுமையோ குழாய் இருக்கும் காலமெல்லாம் இருக்கும். அரை மீட்டர் ஆழத்தில் மண்ணின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 0.9 டன், ஒரு மீட்டரில் 1.8, ஒன்றரை மீட்டரில் 2.7, மூன்று மீட்டரில் 5.4.

இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது உண்மை புலப்படுகிறது. அரை மீட்டரில் மொத்தம் ஏறத்தாழ 11.9 டன், ஒரு மீட்டரில் 4.5; ஒன்றரை மீட்டரில் 3.9, இரண்டு மீட்டரில் 4.3, மூன்று மீட்டரில் 5.7. மேலே போனாலும் சுமை, கீழே போனாலும் சுமை. நடுவில் ஒன்றரை மீட்டர் அளவில் குழாய் ஓரளவு இளைப்பாறுகிறது. அருகில் உள்ள சக்கரங்களின் சுமை, குழியில் விழுந்து எழும் ஊர்தியின் அதிர்ச்சி ஆகியவற்றையும் வடிவமைப்பாளர் சேர்த்துக்கொள்வர். அப்போதும் போக்கு மாறுவதில்லை. குழாயின் உச்சிக்கு மேல் குறைந்தது ஒரு மீட்டர் மண் இருக்க வேண்டும் என்றும், இயலாவிடில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் உறை இட வேண்டும் என்றும் கையேடு கூறுவதன் காரணம் இப்போது விளங்கும். முதலில் இருக்கும் பெரும் சரிவைக் கடந்துவிட்ட ஆழம் அது.

ஆழத்தோடு அகலமும் சேர்ந்தே சுமையை முடிவு செய்கிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். குறுகிய அகழியில் நிரப்பிய மண், இருபுறமும் உள்ள உறுதியான சுவரை உரசிக்கொண்டு நிற்கும். தன் எடையில் ஒரு பங்கை அச்சுவர்மீது ஏற்றிவிடும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆன்சன் மார்ஸ்டன் என்னும் பேராசிரியர் இதனை ஆய்ந்து 1913இல் வெளியிட்டார். அகழி அகலமானால் இவ்வுதவி குறைந்துவிடும். கூலி மிச்சம் என்று பெரிய வாளி பூட்டிய ஜேசிபியைக் கொண்டு வாய்க்கால் போல வெட்டிவிட்டு, அதில் மெல்லிய குழாயை இடுவது, காசை மிச்சப்படுத்திக் குழாயைப் பலிகொடுப்பதாகும்.

அகழியின் தரையும் முதன்மையானது. குழாயின் உடல் முழுவதும் மணலிலோ பொடிச்சல்லியிலோ படிந்திருக்க வேண்டும். மூட்டு வரும் இடத்தில் மட்டும் சிறு பள்ளம் பறித்து அதன் தடித்த கழுத்துக்கு இடம் விட வேண்டும். இல்லையெனில் குழாய் தன் கழுத்துகளில் மட்டும் தாங்கி, நடுவில் அந்தரத்தில் நிற்கும். முதல் சரக்குந்தின் எடையிலேயே அது விரிசல் விடும். பிறகு மண்ணை அரையடி அரையடியாக இட்டுத் திமிசு போட வேண்டும். ஒரே மூச்சில் தள்ளி மூடிய அகழியை அடுத்த மழையில் எளிதில் அடையாளம் காணலாம். சாலையில் நீளமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும்.

தெரிந்து தெளிவோம்

திருப்பெரும்புதூரின் பெயரால் ஒரு பாறைப்படிவே உலகப் புவியியலாளர்களிடையே அறியப்படுகிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரீத்தேசியக் காலத்தின் முற்பகுதியில் படிந்த களிப்பாறையும் மணற்பாறையும் கொண்டது அது. அக்காலத் தாவரங்களின் இலைப் புதைபடிவங்கள் அதில் கிடைக்கின்றன. களிமண் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேற்பரப்பில் இவ்வசைவு மிகுதி, ஆழத்தில் குறைவு. குழாயைச் சற்று ஆழமாகப் பதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர்நாடுகளிலோ காரணம் வேறு: கனடாவின் வின்னிபெக் போன்ற நகரங்களில் நிலம் உறைந்துபோகும் ஆழத்திற்குக் கீழே குழாய் செல்ல வேண்டும், அஃது இரண்டு மீட்டருக்கும் மேல்.

நீர் சொல்லும் விடை

குடிநீர்க் குழாயில் நீர் அழுத்தத்தால் ஓடுகிறது, மேட்டிலும் ஏறும். கழிவுநீர்க் குழாயில் நீர் தன் எடையால் ஓடுகிறது. அதற்குச் சரிவு வேண்டும். கட்டடத் தொழிலாளர் இச்சரிவை 'வாட்டம்' என்பர். வாட்டம் குறைந்தால் ஓட்டம் தளர்ந்து, நீரிலுள்ள திடப்பொருள் அடியில் தங்கிவிடும். எனவே வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாத வேகம் வேண்டும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வேகம் என்று அதனைக் கூறுவர். 200 மில்லிமீட்டர் குழாயில் இவ்வேகம் கிடைக்க 250க்கு ஒன்று என்னும் வாட்டம் தேவை. 250 மீட்டர் தொலைவு சென்றால் குழாய் ஒரு மீட்டர் இறங்கியிருக்க வேண்டும்.

நிலமும் அதே அளவு சரிந்தால் தொல்லை இல்லை. ஏரிகள் நிறைந்த இச்சமவெளியில் நிலம் அவ்வளவு சரிவதில்லை. தெருவின் தொடக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் கிளம்பிய குழாய், மட்டமான நிலத்தில் ஒரு கிலோமீட்டர் சென்றதும் ஐந்து மீட்டர் ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது. அங்கே ஒரு கிணறு கட்டி, மின்னேற்றியால் நீரை மேலே ஏற்றி, மறுபடியும் ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து பயணத்தைத் தொடங்க வேண்டும். அதுவே கழிவுநீர் உந்து நிலையம். மின்சாரம் நின்றால் உந்து நிலையமும் நிற்கும். ஆகவே மாற்று மின்னாக்கி ஒன்றும் காத்திருக்க வேண்டும். ஆழத்தைக் குறைக்க எண்ணி வாட்டத்தைக் களவாடுபவர் உந்து நிலையத்தின் செலவைத் தவிர்த்துவிட்டதாகக் கருதலாம். அச்செலவு மாதந்தோறும் அடைப்பெடுக்கும் செலவாகத் திரும்பி வருகிறது.

மந்தமாக ஓடும் கழிவுநீர் இன்னொரு தீங்கையும் விளைவிக்கும். காற்றில்லாமல் தேங்கிய நீரில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது குழாயின் ஈரமான உச்சியில் கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டைத் தின்கிறது. மேலே சக்கரமும் மண்ணும் அழுத்துகின்ற அதே உச்சி உள்ளிருந்து மெலிகிறது. சாலை திடீரென உள்வாங்கியது என்னும் செய்திகள் சிலவற்றின் பின்னணி இதுவே.

குறைவான ஆழத்திற்கு மழைக்காலத்தில் ஒரு சோதனை உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டதைச் சென்னை மறக்காது. அதுபோன்ற நாள்களில் இங்கே நிலத்தடி நீர் தரையைத் தொட்டு நிற்கும். 315 மில்லிமீட்டர் புறவிட்டமுள்ள நெகிழிக் குழாய் ஒரு மீட்டர் நீளத்திற்கு 78 கிலோ நீரை விலக்குகிறது. அதன் எடையோ 15 கிலோவுக்கும் குறைவு. எஞ்சிய 60 கிலோவுக்கு மேற்பட்ட விசை, காலியான குழாயை மேலே தூக்கப் பார்க்கும். நீரில் மூழ்கிய மண்ணின் பயன் எடை பாதியளவாகக் குறைந்துவிடுவதால், ஓரடி மண் அதனை அரிதாகவே அடக்கிவைக்கும். ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைத் தேர்வில் எழுதியவர் எல்லாரும் தெருவில் அதனை நினைவில் கொள்வதில்லை. வெள்ளத்திற்குப் பின் குழாய் முதுகு காட்டி மிதந்து எழுந்த பிறகே நினைவு வரும்.

குடிநீர்க் குழாய் அருகில் செல்லுமிடத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இரண்டுக்கும் பக்கவாட்டில் மூன்று மீட்டர் இடைவெளி வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் குடிநீர்க் குழாய் மேலேயும், கழிவுநீர்க் குழாய் அதற்கு அரை மீட்டர் கீழேயும் செல்ல வேண்டும். மின்வெட்டின்போது குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறையும். அப்போது விரிசல் வழியே அக்கம்பக்கத்து ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். 1854இல் இலண்டன் பிராட் தெருவில் பரவிய காலராவுக்கு ஒரு குடிநீர்க் குழாயடியே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்தபோது, அதனருகே இருந்த கழிவுக்குழியின் கசிவும் தெரியவந்தது.

அகழியில் இறங்குபவர்

இதுவரை பேசியது குழாயின் நலம். குழாய்க்கு இதமான ஒன்றரை மீட்டர் ஆழமே, அதைப் பதிக்க இறங்குபவருக்கு ஆபத்து தொடங்கும் ஆழம் என்பதைக் கருத வேண்டும். குழாயின் உச்சியில் ஒன்றரை மீட்டர் மண் வேண்டுமெனில், குழாயின் விட்டத்தையும் அடித்தளத்தையும் சேர்த்து அகழி ஏறத்தாழ இரண்டு மீட்டர் போகும். குனிந்து மூட்டு இணைப்பவரின் தலை தரைமட்டத்திற்கு வெகு கீழே இருக்கும்.

அகழியின் சுவர் காலையில் செங்குத்தாக உறுதியுடன் நிற்கும். அந்த உறுதியை நம்பியே மேஸ்திரி "இரண்டு மணி நேர வேலைதானே" என்கிறார். நண்பகல் வெயிலில் களிமண் காய்ந்து வெடிக்கிறது. அருகில் சரக்குந்துகள் செல்லும்தோறும் நிலம் அதிர்கிறது. தோண்டிய மண் முழுவதும் விளிம்பிலேயே குவிந்து கிடக்கிறது. சுவரிலிருந்து இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் உயரமும் அரை மீட்டர் கனமும் உள்ள ஒரு துண்டு பெயர்ந்தால் அதன் எடை 2.7 டன். மார்பளவு புதைந்தவரின் தலை வெளியே இருந்தாலும் அவர் பிழைப்பது உறுதியன்று. ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் மண் அந்த இடத்தை நிரப்பி இறுகுகிறது, அடுத்த மூச்சுக்கு மார்பு விரிய இடமில்லை. உடன் நிற்பவர்கள் பதறிக் குதித்தால் அடுத்த சுவரும் சரியும்.

இதைத் தடுக்கும் வழிகள் புதியனவும் அல்ல, கடினமானவையும் அல்ல. மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதி அவற்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஒன்றரை மீட்டரோ அதற்கு மேலோ ஆழமான அகழியின் பக்கங்களைப் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும், அல்லது பலகையும் மரமும் கொண்டு முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றுள் எது மிகுதியோ அவ்வளவு தள்ளிப் போட வேண்டும். 1.2 மீட்டரைத் தாண்டிய அகழியில் 30 மீட்டருக்கு ஓர் ஏணியாவது இருக்க வேண்டும். ஒப்பந்தப் புள்ளியில் முட்டுக்கான தொகை பெரும்பாலும் தனி வரியாகவே இருக்கும். பணியிடத்தில் அந்த மரம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவரே குறைவு.

குழாய் பதித்து முடிந்த பின்னும் ஆழத்தின் ஆபத்து முடிவதில்லை. ஆள்நுழை குழிகள் வழியே மனிதரை இறக்கி அடைப்பெடுக்கும் வழக்கம் பல உயிர்களைப் பறித்தது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகும்போது முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணி இறங்குபவர் திரும்புவதில்லை. கையால் மலம் அள்ளும் பணியையும் பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்னும் இயந்திரம் 2018 முதல் குழிக்குள் இறங்கி மனிதரின் வேலையைச் செய்து வருகிறது. அத்தகைய இயந்திரங்கள் வந்துவிட்ட பின் ஒருவரைக் கயிறு கட்டி இறக்குவதற்கு வறுமையைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆழத்தை முடிவு செய்யும் மேசைக்கு இச்செய்திகளும் வர வேண்டியவை. வாட்டம் சரியாக இருந்தால் அடைப்பு குறைவு. அடைப்பு குறைந்தால் குழியைத் திறக்கும் தேவை குறைவு. உந்து நிலையம் ஒன்றைக் கூட்டி ஆழத்தை மூன்று மீட்டருக்குள் நிறுத்தினால், பதிப்பவரும் பிற்காலத்தில் பழுது பார்ப்பவரும் ஐந்து மீட்டர்க் குழியில் இறங்க நேராது. மதிப்பீட்டுத் தாளில் உந்து நிலையத்தின் விலை ஒரு வரியாக இருக்கும். இறங்காமல் தப்பியவரின் உயிர் எந்த வரியிலும் இராது.

மூடிய பின்

பணி முடிந்து அகழி மூடப்படும்முன் ஒவ்வொரு ஆள்நுழை குழியிலும் குழாயின் அடிமட்டத்தை அளந்து வரைபடத்தில் குறிப்பர். சாலையின் எப்பக்கம், ஓரத்திலிருந்து எவ்வளவு தொலைவு, எத்தனை மீட்டர் ஆழம் என்பன அதில் இருக்கும். ஒரகடம் போன்ற இடத்தில் ஒரே சாலை பலமுறை தோண்டப்படுகிறது. முதலில் குடிநீருக்கு, பிறகு மின்வடத்திற்கு, அதன்பின் கண்ணாடியிழை வடத்திற்கு. அவ்வரைபடம் கையில் இருந்தால் அடுத்துத் தோண்டுபவர் ஒரு முழம் தள்ளித் தோண்டுவார். இல்லையென்றால் ஜேசிபியின் பல் குழாயில் படும்போதுதான் அதன் ஆழம் தெரியவரும். அன்றைக்கு அத்தெருவின் அங்கணம் மீண்டும் தரைக்கு மேல் வந்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஆள்நுழை குழிகளின் மூடிகளுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்து, 250க்கு ஒன்று என்னும் வாட்டத்தில் குழாய் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்கிடுக. மூடியைத் திறக்கவோ அதன்மீது நிற்கவோ கூடாது.

2. உங்கள் ஊரில் கொத்தனார், மேஸ்திரி, குழாய்ப் பணியாளர் ஆகியோர் வழங்கும் வாட்டம், முட்டு, திமிசு போன்ற தொழிற்சொற்களைக் கேட்டறிந்து, பொருளுடன் வகுப்பறையில் வழங்குக.